இந்த அமாவாசைக்கு எந்தக் கொல்லை

எங்கள் தெருவில் யாருக்காவது சிக்னல் கிடைக்கவில்லை என்றால் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். "தம்பி செல்போன் டவர்ல வேல செய்யுது" என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் டவரில் ஏறியதே இல்லை. உயரம் என்றால் பயம். எங்கள் ஊர் ராஜகிரி மலைக்கோட்டைக்குப் போனாலே பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிற ஆள் நான்.

என் வேலை டவருக்குப் பின்னால். எல்லா டவரும் போய்ச் சேர்கிற இடம் ஒன்று உண்டு. யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு எதை எந்த வழியாக அனுப்புவது என்று முடிவு பண்ணுகிற இடம். கோர் என்போம். அதற்கு சாஃப்ட்வேர் எழுதும் பெங்களூரு கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். உட்கார்ந்து எழுதுவது செஞ்சியில், வீட்டு மாடி அறையில். அந்தப் பெரிய கோரிலும் எனக்கு ஒரே ஒரு மூலைதான்.

ஒரே விஷயத்தை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள் என்று வையுங்கள். சாதாரண நெட்வொர்க் ஆயிரம் பிரதி எடுத்து ஆளுக்கு ஒன்றாக அனுப்பும். முட்டாள்தனம். ஒரே பிரதியை டவருக்குக் கொடுத்து, டவர் அதைக் காற்றில் ஒரு தடவை விட்டால் போதும். வேண்டியவர்கள் எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி விடுகிற ஒவ்வொன்றும் ஒரு செஷன். அதைத் திறப்பது, எந்தெந்த டவருக்குப் போக வேண்டும் என்று பட்டியல் கொடுப்பது, நடுவில் மாற்றுவது, முடிந்ததும் மூடுவது, இவைதான் என் மூலை.

இதில் இரண்டு வகை. பிராட்காஸ்ட் என்பது திருவிழா மைக். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது பாட்டுக்குக் கத்தும். மல்டிகாஸ்ட் என்பது ரேஷன் கடை. கார்டு காட்டிப் பெயர் பதிந்தவனுக்குத்தான் சரக்கு. யார் வந்தான், யார் வரவில்லை என்று கடைக்காரருக்குத் தெரியும். மைக்குக்குத் தெரியாது.

இந்தக் கடைசி வரி எனக்கு நன்றாகவே தெரியும். டிரெயினிங்கில் புதுப் பசங்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதுதான் கொடுமை.

போன வருஷம் டீமில் இருந்து ஒருவருக்கு ஜப்பான் போகிற வாய்ப்பு வந்தது. ஆறு மாசம், கஸ்டமர் ஆபீசில் உட்கார்ந்து இதே வேலை. எனக்கு அந்த சீட் மேல் வெறி. ஏன் ஜப்பான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. செஞ்சி இல்லாத எந்த ஊரும் சரி என்கிற நிலைமை. காலையில் எழுந்தால் ஜன்னலில் அதே மலை. சாயங்காலம் பைக்கை எடுத்தால் திண்டிவனம் ரோட்டில் பத்து நிமிஷம், திரும்பித் திருவண்ணாமலை ரோட்டில் பத்து நிமிஷம், ஒரு டீ, வீடு. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் சென்னை, ஒருத்தன் துபாய். நான் மட்டும் மொட்டை மாடியில் துணி காய்கிற கொடிக்குக் கீழே உட்கார்ந்து உலகத்தோடு மீட்டிங் பேசிக்கொண்டிருந்தேன். மீட்டிங்கில் என் வலது கால் தானாக ஆட ஆரம்பிக்கும். அம்மா காபி கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் தொடையில் ஓர் அடி விழும்.

"கால ஆட்டாதடா. வூட்டுக்கு ஆவாது."

"அப்ப ஜப்பானுக்குப் போயி ஆட்டிக்கிறேன், வுடு."

"அங்க மட்டும் ஆவுமா?"

போட்டிக்கு ஒரே ஒரு ஆள். டீமில் என்னோடு வேலை பார்த்த திருநெல்வேலிக்காரி. என் வயசு, என்னைவிட நிதானம். நான் ஒரு நாளில் எழுதுவதை மூன்று நாள் எழுதுவாள், ஆனால் திரும்பத் தொட வேண்டியிருக்காது. அதை அப்போது நான் மெதுவான புத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சாஃப்ட்வேரைக் கூட்டத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும், நிஜமான நெரிசல் வேண்டும் என்று ஒரு போன் கம்பெனி கேட்டது. மேனேஜர் மீட்டிங்கில், "எங்க பண்ணலாம்? யாருக்காவது ஐடியா இருக்காபா?" என்றார். அவர் வாயை மூடுவதற்குள் நான் கத்திவிட்டேன்.

"மேல்மலையனூர் அம்மன் கோயில் சார். எங்க ஊர்லேர்ந்து பஸ்ல ஒரு மணி நேரம். மாசி அமாவாசைக்கு வர்ற கூட்டத்தப் பாத்தா உங்க கிரிக்கெட் ஸ்டேடியமெல்லாம் தூசு. எங்க நைனா அங்க ஸ்பெஷல் பஸ் ஓட்றாரு."

உண்மைதான். நைனா, அதாவது என் அப்பா, அரசு பஸ் டிரைவர். முப்பது வருஷமாக அமாவாசை என்றால் வீட்டில் இருக்க மாட்டார். சாதாரண அமாவாசைக்குக் கூட்டம் ராத்திரிக்குத்தான். மாசியில் மட்டும் அம்மன் பகலிலேயே மயானத்துக்குப் புறப்படுவாள். மத்தியானமே ரோடு முழுக்க ஜனம்.

திட்டம் இதுதான். பஸ் கண்ட்ரோல் ரூமில் ஒரு டைம்கீப்பர் இருப்பார். எந்த ரோடு மூடியிருக்கிறது, எந்த பஸ் எப்போது உள்ளே வர வேண்டும், காலி வண்டி எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று அவர்தான் சொல்வார். வழக்கமாகக் கோயில் பக்கம் இருப்பவர்களுக்கு மைக்கில் சொல்வார். வெளியே நிற்கிற பஸ்களுக்கு பைக்கில் ஒரு ஆளை அனுப்புவார். இந்தத் தடவை டிரைவர், கண்டக்டர்களுக்கு நாற்பது போன் கொடுப்போம். அவர் பேசுவது ஒரே செஷனாக நாற்பதிலும் கேட்கும்.

பிராட்காஸ்டா மல்டிகாஸ்டா என்று ஒரு மணி நேரம் சண்டை.

"மல்டிகாஸ்ட் பண்ணுவோம்ல. யாரு யாரு செஷன்ல இருக்காங்கன்னு நமக்குத் தெரியணும்லா?" என்றாள் திருநெல்வேலிக்காரி.

"தெரிஞ்சு இன்னா பண்ணப் போற? அட்டெண்டன்ஸ் எடுக்கப் போறியா? ஒவ்வொரு போனும் வந்து பேரு குடுத்து, அத செக் பண்ணி... பிராட்காஸ்ட்னா தொறந்து வுட்டா போயிகினே இருக்கும்."

"எங்க போயிட்டு இருக்குன்னுதான் கேக்கேன்."

"டவர் லிஸ்ட் குடுக்கறோம் இல்ல, அங்கதான்."

"அந்த லிஸ்ட யாரு எடுக்கது?"

"நான். என் ஊரு."

மேனேஜர் சிரித்துவிட்டார். லோக்கல் பையன் இருக்கும்போது என்ன பயம் என்றார். பிராட்காஸ்ட் ஜெயித்தது.

டவர் பட்டியலை ஐந்து நிமிஷத்தில் போட்டேன். கோயில், கடைத்தெரு, கண்ட்ரோல் ரூம், கிழக்கே பஸ்கள் நிற்கிற ஏரிக்கரை. சின்ன வயசில் இருந்து நைனா பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன். ஸ்பெஷல் பஸ்கள் எல்லாம் ஏரிக்கரையில்தான் வரிசை கட்டி நிற்கும். அங்கேதான் எனக்கு வேர்க்கடலை வாங்கித் தருவார். மேப்பில் ஒரு வட்டம் போட்டேன். திருவிழாவுக்காக லாரியில் கொண்டுவந்து நிறுத்தும் டவரையும் சேர்த்துப் பதினோரு டவர். முடிந்தது. நேரில் போய்ப் பார்க்கலாமா என்று திருநெல்வேலிக்காரி கேட்டாள். "நீ உங்கூரு கோயிலுக்கு மேப் பாத்தா போவ?" என்று கேட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். செஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே டவர் பட்டியலை மாற்ற முடிய வேண்டும். ஓடுவது ஓடியபடி இருக்க, புது டவர் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். விதி அப்படி. அதை ஒழுங்காக எழுத மூன்று வாரம் ஆகும். நான் எட்டு வரியில் முடித்தேன். பட்டியல் மாறினால் பழைய செஷனை மூடு, புதுசாக ஒன்றைத் திற. மேலே 'பிறகு சரி செய்யணும்' என்று ஒரு குறிப்பு. புது செஷனுக்குப் புது எண். அந்த எண் என்னவென்று போன்கள் நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் கேட்டுத் தெரிந்துகொள்ளும். அதாவது நடுவில் பட்டியலைத் தொட்டால் நாற்பது போனும் ஒரு நிமிஷம் செத்துப் பிழைக்கும். யார் தொடப் போகிறார்கள்? பட்டியல்தான் சரியாக இருக்கிறதே.

அமாவாசைக்கு முந்தின நாள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் போன்களைக் கொடுத்தோம். மஞ்சள் கவர், கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு. நைனா அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாடா இது, கோயில் மாட்டுக்கு மணி கட்ன மாதிரி?"

பக்கத்தில் இருந்த கண்டக்டர், "அண்ணே, நீ திரும்பும்போது ஆட்டு, சத்தம் வருதான்னு பாப்போம்" என்றார்.

"ஜோக்கு போதும் நைனா. இதுல ஒன்னும் அமுத்த வேணாம். அது பாட்டுக்குப் பேசும். கேட்டா போதும்."

"நான் பேசுனா?"

"நீ பேச முடியாது. ஒரு பக்கம்தான்."

"உங்கம்மா மாதிரின்னு சொல்லு."

பஸ் ஸ்டாண்டே சிரித்தது. எனக்கு எரிச்சல். நாளைக்கு இந்நேரம் இவர்களுக்கெல்லாம் தெரியும் நான் யார் என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் நான் மேல்மலையனூருக்குப் போகவில்லை. கூட்டத்தில் லேப்டாப்பைத் திறக்க முடியாது. மாடி அறைதான் என் கண்ட்ரோல் ரூம். பன்னிரண்டு மணிக்கு செஷனைத் திறந்தேன். மூன்று மணி வரை ஓட்ட வேண்டும். வீடியோ மீட்டிங்கில் மேனேஜர், திருநெல்வேலிக்காரி, போன் கம்பெனிக்காரர்கள் நாலு பேர், ஜப்பான் சீட்டை முடிவு பண்ணப் போகிற பெரியவர் ஒருவர். எல்லார் ஸ்கிரீனிலும் என் ஸ்கிரீன். பதினோரு கட்டம், பதினொன்றும் பச்சை. டைம்கீப்பர் அண்ணன் பேசும்போதெல்லாம் ஒரு கோடு துள்ளும். "காலி வண்டி எல்லாம் வெளிய வாங்க... திருவண்ணாமல வண்டி ரெண்டு உள்ள வரட்டும்..." ஒரு சொட்டு கூடச் சிந்தவில்லை. பெரியவர் ஒரு தடவை "நைஸ்" என்றார். என் கால் மேஜையையே ஆட்டிக்கொண்டிருந்தது.

இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் என் சொந்த போன் அடித்தது. நைனா. கட் பண்ணினேன். மறுபடி. கட். மூன்றாவது தடவை மைக்கை ம்யூட்டில் போட்டுவிட்டு எடுத்தேன்.

"இன்னா நைனா, மீட்டிங்ல இருக்கறேன்."

"டேய், உன் மணி அடிக்கவே இல்லடா. காலைலேர்ந்து ஊமையா தொங்குது."

"அதெல்லாம் நல்லா போயிகினு இருக்குது. என் ஸ்கிரீன்ல எல்லாம் பச்ச."

"உன் ஸ்கிரீன் வந்து பஸ்ஸ ஓட்டுமா? இங்க பன்னண்டு வண்டி நிக்குது. ஒருத்தன் போன்ல கூட ஒரு சத்தம் இல்ல. முன்னாடி போன ரெண்டு வண்டி மெயின் ரோட்ல மாட்டிக்கிச்சு, எதிர்க்க காலி வண்டி வருது. மூஞ்சியும் மூஞ்சியும் முட்டிகினு நிக்குது. அம்மன் பொறப்புட்டா ரோட்ல பஸ்ஸு நிக்கக் கூடாதுடா. ஜனம் எங்க போவும்?"

"பைக்ல ஆள் வருவான் இல்ல?"

"எவன் வருவான்? போன் குடுத்தாச்சு, பைக் எதுக்குன்னு அவன நிறுத்திட்டாங்க. ஒன்னாலதான்."

எனக்கு அப்போதுகூட போன்கள்தான் பழுதோ என்று தோன்றியது. "நைனா, இப்ப எங்க நிக்கற?"

"கொல்லையில."

"எந்தக் கொல்லை? ஏரிக்கரையாண்டதான?"

"ஏரில தண்ணி நிக்குதுடா. இது மேற்கால. மல்லாட்ட புடுங்குன கொல்ல."

"ஏரிக்கரையிலதான எப்பவும் நிப்பீங்க?"

"நீ டவுசர் போட்டுகினு வந்தப்ப நின்னோம். இப்பல்லாம் அமாவாசைக்கு அமாவாச மாறும். எவன் கொல்ல காலியா இருக்குதோ அங்க. ஊர்க்காரன்தான நீ, இது கூடத் தெரியாதா?"

தெரியாது. அந்த நிமிஷம் வரை தெரியாது. நைனாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மாடியில் இருந்து இறங்கி, சமையல்கட்டைத் தாண்டி, சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனுஷனிடம் ஒரே ஒரு வார்த்தை. கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பஸ் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எதற்கு என்னிடம் சொல்ல வேண்டும்?

மேப்பைத் திறந்தேன். மேற்குப் பக்கத்துக் கொல்லை, அந்த வேர்க்கடலை நிலமெல்லாம் அடுத்த ஊர் டவரில் வருகிறது. அது என் பட்டியலில் இல்லை. டைம்கீப்பர் அண்ணன் இரண்டரை மணி நேரமாக அந்தப் பன்னிரண்டு பஸ்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தார், ஒரு எழுத்துகூடப் போய்ச் சேரவில்லை. ஸ்கிரீன் மட்டும் பச்சை. பச்சை என்றால் டவர் வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். மனுஷன் கேட்டான் என்று அர்த்தம் இல்லை.

சரி, நைனாவிடமே வாயால் சொல்லிவிடலாம் என்று, "எல்லா வண்டியும் அப்படியே நில்லுங்க, இப்ப யாரும் உள்ள போக வேணாம்" என்றேன்.

"நான் போயி பன்னண்டு பேருக்கும் சொல்லிட்டு வர்றதுக்குள்ள அந்தாளு அடுத்தது ஒன்னு சொல்லுவான். எத்தினி தடவ ஓட்றது? எனக்கு முட்டி வலி வேற. நீ போன பேச வையி."

"வைக்கறேன். கட் பண்ணாத. போன சட்டப் பாக்கெட்ல அப்படியே வையி."

பேச வைக்க வேண்டுமென்றால் பட்டியலில் அந்த டவரைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் என் எட்டு வரி வேலை செய்யும். பதினோரு பச்சையும் பெரியவர் கண் முன்னால் சிவப்பாகும். சேர்க்காமல் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் மூன்று மணி. டெமோ முடிந்துவிடும். யாருக்கும் தெரியாது. பிராட்காஸ்டில் யார் வந்து 'எனக்குக் கேட்கவில்லை' என்று சொல்லப் போகிறார்கள்? அதற்கு வழியே இல்லை. அந்த வழி வேண்டாம் என்று சண்டை போட்டவனே நான்தான்.

யோசித்தேன். யோசிக்கவே இல்லை, உடனே நல்லவனாகிவிட்டேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். அரை நிமிஷம் ஜப்பானைத்தான் யோசித்தேன். காதில் நைனாவின் சட்டைப் பாக்கெட் சத்தம். தூரத்தில் பம்பை மேளம். யாரோ ஒரு அம்மா கண்டக்டரிடம், "புள்ள வெயில்ல சுருண்டு கெடக்குது, எப்பதான்யா எடுப்ப?" என்று கத்துவது.

திருநெல்வேலிக்காரிக்குத் தனியாக மெசேஜ் போட்டேன். 'ஏரியா தப்பு. ஒரு டவர் விட்டுட்டேன். பன்னண்டு பஸ் செவிடு.'

உடனே பதில். 'சேத்துரு.'

'சேத்தா செஷன் விழும். எட்டு வரி.'

'என்னது எட்டு வரி?'

சொன்னேன். அவள் பக்கத்தில் எழுதுவது போலவும் அழிப்பது போலவும் இரண்டு தடவை வந்து போனது. நன்றாகத் திட்டி எழுதி அழித்திருப்பாள். கடைசியில் வந்தது இவ்வளவுதான். 'பண்ணு. ஆனா சொல்லிட்டுப் பண்ணு. சொல்லாம பண்ணாத.'

ம்யூட்டை எடுத்தேன். "சார், ஒரு டவர் விட்டுப் போச்சு. என் தப்பு. பன்னண்டு பஸ்ஸுக்கு எதுவும் போய்ச் சேரல. இப்ப சேக்கறேன். சேத்தா மொத்த செஷனும் ஒரு நிமிஷம் நிக்கும். அதுவும் என் தப்புதான்."

 மேனேஜர் தமிழில் மெதுவாக, "இன்னும் பதினஞ்சு நிமிஷம்தானேபா இருக்கு. முடிஞ்சதும் பண்ணிக்கலாமே?" என்றார்.

"அம்மன் பொறப்புட்ரும் சார்."

 பெரியவருக்கு அது என்னவென்றே தெரியாது.

டைம்கீப்பர் அண்ணனுக்கு போன் பண்ணினேன். நல்ல வேளை, எடுத்தார். "அண்ணே, ஒரு நிமிஷம் ஒன்னும் பேசாதீங்க. நான் சொன்னதும் கடைசியா சொன்னது எல்லாத்தயும் மொதல்லேர்ந்து சொல்லுங்க."

"எல்லாருக்கும் சொல்லியாச்சேப்பா. அதான் அப்பவே மைக்ல சொன்னனே."

"கேக்கலண்ணே."

"யாருக்குக் கேக்கல?"

"நைனாவுக்கு."

"உங்க நைனாவுக்கு எப்பதான் கேட்டுது? சரி, ஒரு நிமிஷம்தான. பீடி பத்த வெக்கிறேன்."

புது டவரைச் சேர்த்தேன். பட்டனை அமுக்கினேன். பதினொன்றும் சிவப்பு.

அறுபது விநாடி என்று கணக்குப் போட்டிருந்தேன். அறுபது ஆனது. பத்துக் கட்டம் பச்சைக்குத் திரும்பியது. லாரி டவர் மட்டும் அடம் பிடித்தது. கால் ஆடவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். நின்றுகொண்டிருந்தேன், எப்போது எழுந்தேன் என்று தெரியாது. லாரி டவர் வந்தது. பன்னிரண்டாவதாக ஒரு புதுக் கட்டம் தோன்றி, அதுவும் பச்சையானது.

பச்சையாகி என்ன? பன்னிரண்டு மணியில் இருந்து பச்சையாகத்தான் இருந்தது. கேட்கிறதா இல்லையா என்பதை அந்த ஸ்கிரீன் எனக்கு எந்தக் காலத்திலும் சொல்லாது. டைம்கீப்பர் அண்ணனைப் பேசச் சொல்லிவிட்டு, என் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். நைனாவின் பாக்கெட். துணி உரசுகிற சத்தம். பம்பை. இருமல். அப்புறம் அந்தச் சத்தத்துக்கெல்லாம் நடுவில், கழுத்தில் தொங்கிய மஞ்சள் போனில் இருந்து நைனா நெஞ்சு வழியாக, பீடிப் புகையோடு அந்தக் குரல்.

"மேற்கால இருக்கற வண்டி எதுவும் மெயின் ரோட்டுக்கு வராத... முன்னாடி மாட்டுன ரெண்டு வண்டி பின்னாடி எடுத்து, கொல்ல உள்ளயே வாங்கிக்க..."

நைனா யாரிடமோ, "தே, பேசுது, பேசுது!" என்று கத்தினார். அப்புறம் விசில், ரிவர்ஸ் எடுக்கிற ஹாரன், "வா... வா... வா... நிறுத்து!" லைன் கட்டாகிவிட்டது. போனில் சார்ஜ் இல்லையாம், பிறகு சொன்னார்.

ஒரு வண்டி பின்னால் போய்விட்டது. இன்னொன்றால் முடியவில்லை. அதில் இருந்தவர்களை இறக்கி நடக்க வைத்தார்கள். அம்மன் அந்த பஸ்ஸை ஒட்டினாற்போல் போனாள். வண்டியின் சைடு கண்ணாடி உடைந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மூன்று மணிக்கு செஷனை மூடினேன். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். "நல்ல வேலைதான் பண்ண. ஆனா பாரு, அந்த வேலையே வந்திருக்கக் கூடாதுல்ல?" என்றார்.  ஒரு வாரத்தில் திருநெல்வேலிக்காரிக்கு ஜப்பான் உறுதியானது. எனக்கு அந்த எட்டு வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒழுங்காக எழுதச் சொல்லி உத்தரவு. போன் கம்பெனி பங்குனி அமாவாசைக்கு இன்னொரு தடவை பார்க்கலாம் என்றது. இந்தத் தடவை மல்டிகாஸ்ட்.

நைனா மறுநாள் வீட்டுக்கு வந்து மஞ்சள் போனை மேஜையில் வைத்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"சவுண்டு பத்தல. கூட்டி வெக்கச் சொல்லு" என்றார். குளிக்கப் போய்விட்டார்.

மூன்று வாரமும் அதைத்தான் எழுதினேன். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு மெதுவாக எழுதியதில்லை. ஓடுகிற செஷனை நிறுத்தாமல் ஒரு டவரைச் சேர்ப்பது, ஒரு டவரைக் கழற்றுவது, சேர்க்கும்போது பாதியில் அறுந்தால் என்ன செய்வது. நடுநடுவே எழுந்து மாடியில் நடப்பேன். அந்த மலை அங்கேயேதான் நின்றது. சில மாசம் கழித்துத் திருநெல்வேலிக்காரி ஜப்பானில் இருந்து ஒரு நாள் கூப்பிட்டாள். "இங்க பஸ்ஸெல்லாம் சொன்ன நிமிசத்துக்கு வருதுல. நிக்கிற எடமும் மாறது இல்ல. ஒனக்கு இங்க வேலையே இருக்காது" என்றாள். சிரித்தேன். பொறாமை போகவில்லை. இப்போதும் போகவில்லை. அடுத்த சீட் எப்போது வரும் என்று மேனேஜரை மாசத்துக்கு ஒரு தடவை நச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பங்குனி அமாவாசைக்கு முந்தின நாள், நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாடியில் இருந்து இறங்கி வந்தேன்.

"நைனா, இந்த அமாவாசைக்கு எந்தக் கொல்லை?"

ரசத்தைக் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "எனுக்கு எப்படித் தெரியும்? நாளைக்குப் போனாத்தான் தெரியும். எவன் குடுக்கறானோ."

"முன்னாடியே யாராவது சொல்ல மாட்டாங்களா?"

"காலைல ஏழு மணிக்கு மொதல் வண்டி போவும். அது எங்க நிக்குதோ அதான் பஸ் ஸ்டாண்டு."

"அந்த மொதல் வண்டிய யாரு ஓட்றது?"

"நான்தான்."

அம்மாவிடம் ஆறு மணிக்கு எழுப்பச் சொன்னேன். எழுப்ப வேண்டியிருக்கவில்லை. லேப்டாப், சார்ஜர், ஒரு மஞ்சள் போன். சின்ன வயசில் உட்கார்ந்த அதே முன் சீட்டில் உட்கார்ந்தேன். இப்போது முட்டி இடித்தது. வழியில் வளத்தி ஊர் தாண்டியதும் டவர் பட்டியலைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். நைனா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "கால ஆட்டாத. கியர் ஆடுது" என்றார்.